2010இல் நெதர்லாந்து தோற்ற விடிகாலை

அப்பா 1974 உலகக் கிண்ணக் கால்பந்தில் ஆடிய நெதர்லாந்து அணியின் ரசிகர். இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் காலில் பந்து படுவதற்கு முன்பே பெனால்டி வாங்கிக் கோல் போட்டு, அப்புறம் 2-1 என்று தோற்ற அணி அது. தோற்றவர்களைப் பற்றி இத்தனை ஆசையாகப் பேச முடியுமா என்று இருக்கும், அப்பா அந்த அணியின் தலைவர் கிரைஃபைப் பற்றிப் பேசினால். அந்தப் பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

2010 இறுதியாட்டம், நெதர்லாந்தும் ஸ்பெயினும் மோதியது, சிங்கப்பூரில் நமக்குத் திங்கள் விடிகாலை 2.30 மணிக்கு. தேக்கா பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். கடையில் பாதிப் பேர் ஸ்பெயின் பக்கம். நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் உதைத்தபோது எங்கள் மேசை அப்படியே அடங்கிப்போனது. மஞ்சள் அட்டையோடு விட்டார் நடுவர். சிவப்புதான் கொடுத்திருக்க வேண்டும், நெதர்லாந்து ரசிகனாகவே சொல்கிறேன்.

62வது நிமிடம் எங்கள் ராபன் தனியாக ஓடினார், எதிரே ஸ்பெயின் கோல்காவலர் கசியாஸ் மட்டும். நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். கசியாஸ் ஒரு பக்கம் விழுந்தும் அவர் கால் பந்தைத் தட்டிவிட்டது. பக்கத்து மேசை அண்ணன் ஒருவர் தலையில் கை வைத்தவர், தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறும்வரை எடுக்கவில்லை. ராபனைத் திட்டுபவர்களோடு எனக்கு இன்றும் ஒத்துப்போகாது. அது கசியாஸின் திறமை. கூடுதல் நேரத்தில் எங்கள் ஹெய்டிங்கா வெளியேற்றப்பட்டார், 116வது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியெஸ்டா கோல் அடித்தார், முடிந்தது.

வீட்டுக்குப் போனால் அப்பா விழித்திருந்தார். “தோத்தது பரவாயில்லப்பா, இப்படியா ஆடுறது?” என்றார். எனக்கும் அதுதான் வலி. கிரைஃபே அந்த முரட்டு ஆட்டத்தைக் கடுமையாகச் சாடினார். 1974இல் தோற்றவர்களை உலகமே கொண்டாடியது. இவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

2014இல் ஸ்பெயினை 5-1 என்று அடித்தபோது நானும் அப்பாவும் வீட்டிலேயே பார்த்தோம். வேன் பெர்சி பறந்து தலையால் முட்டிய கோலுக்கு அப்பா போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். ஆனால் அது குழு ஆட்டம்தானே! கிண்ணம் இன்னும் வரவில்லை. 2022 காலிறுதியில் அர்ஜெண்டினாவிடம் பெனால்டியில் போனபோதும் விழித்துத்தான் இருந்தோம், அடுத்த முறையும் இருப்போம்.