டர்போ பூஸ்ட் ஏறினால் மிஸ்ஸிங், ஐடிலில் ஒன்றுமில்லை. இன்ஜெக்டர் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பச்சைக்கூபே, கோவை:
வணக்கம். வண்டி 2 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர். கதவு இரண்டுதான், பின்சீட்டில் மனைவியின் கைப்பை மட்டும் வசதியாக உட்காரும். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினேன். வளைவு முடிந்து மூன்றாவது கியரில் அழுத்தினால், 3,500 ஆர்பிஎம் தாண்டியதும் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நாலைந்து வெட்டு. செக் இன்ஜின் லைட் சிமிட்டியது. காலைத் தளர்த்தியதும் சரியாகிவிட்டது. ஐடிலில் பானட் மேல் டீ டம்ளர் வைத்தாலும் தளும்பாது.

ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற எரர் கோடு. பிளக்குக்கு கரண்ட் கொடுக்கும் இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றுக்கும் மூன்றை இரண்டுக்கும் மாற்றிப் போட்டேன். எரர் கோடு இரண்டிலேயே நிற்கிறது. கூடவே இப்போது மூன்றாம் சிலிண்டரின் பி0303-உம் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது! கம்ப்ரஷன் நாலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளக் போன மாதம்தான் மாற்றியது, அதனால் அதை விட்டுவிடலாம். கராஜில் இன்ஜெக்டர் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள். விலை கேட்டதும் எனக்கே மிஸ்ஸிங் வந்துவிட்டது.

ஊதல்சத்தம்:
டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். எனக்கும் இதே மாதிரி வந்தது. அழுத்தும்போது ‘உஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கிறதா? இல்லையென்றால் பெட்ரோலில் தண்ணீர்.

பழைய ஸ்பேனர்:
ஹோஸ் கழன்றாலும் பெட்ரோல் கெட்டாலும் நாலு சிலிண்டரும் சேர்ந்துதான் அழும். இரண்டாம் நம்பரை மட்டும் தேர்ந்தெடுத்து அடிக்காது.

தம்பி, முதலில் ஒரு விஷயம். லைட் சிமிட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் காடலிஸ்ட்டில் போய் எரிந்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சரியாகும் வரை அழுத்தி ஓட்டாதீர்கள்.

‘பிளக் புதுசு, அதனால் விட்டுவிடலாம்’ என்றீர்களே, நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். போன மாதம் பிளக் மாற்றினார்கள், இந்த மாதம் மிஸ்ஸிங். நடுவில் வேறு யாரும் இன்ஜினில் கை வைக்கவில்லை அல்லவா?

ஐடிலில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, ஸ்பார்க் சுலபமாகத் தாண்டிவிடும். பூஸ்ட் ஏறினால், அதாவது டர்போ காற்றைத் திணித்தால், காற்று நெருக்கமாகிறது, பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள அதே கேப்பைத் தாண்ட வோல்டேஜ் அதிகம் வேண்டும். அப்போது கரண்ட் சுலபமான வேறு வழி தேடும். பிளக்கின் பீங்கானில் கீறல் இருந்தால் அந்த வழியாக இரும்புக்கு இறங்கிவிடும். இறங்கும்போது காயிலின் ரப்பர் பூட்டையும் (பிளக்கை மூடும் உறை) சுட்டு வைக்கும். அந்த பூட்டைத்தான் நீங்கள் மூன்றாம் சிலிண்டருக்குக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிளக் நாலையும் கழற்றுங்கள். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து கேப் பாருங்கள். டர்போ வண்டிக்குப் பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. தான் இருக்கும், உங்கள் மேனுவலில் போட்டிருப்பதே முடிவு. இரிடியம் பிளக் என்றால் நடு முனையில் நெம்பாதீர்கள், ஊசி மாதிரி முறிந்துவிடும்.

இன்ஜெக்டரை கடைசியில் பார்க்கலாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அதைக் கழற்றினாலே சீல் புதிதாகப் போட வேண்டும். பிளக் பார்க்க அரை மணி நேரம், காசும் இல்லை.

பச்சைக்கூபே, கோவை:
அண்ணா, கழற்றிப் பார்த்தேன். நாலு பிளக்கும் 1.1 மி.மீ.! மேனுவலில் 0.75. டர்போ இல்லாத மாடலுக்கான பிளக்கைப் போட்டிருக்கிறார்கள். பார்ட் நம்பரில் கடைசி எழுத்து வேறு, நானும் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகத் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. வெயிலில் திருப்பிப் பார்த்தால் அதற்குள் மெல்லிய கீறல். ரப்பர் பூட்டுக்குள் டார்ச் அடித்தேன்: முன்பு இரண்டில் இருந்த காயில், இப்போது இருக்கும் காயில், இரண்டிலுமே அதே இடத்தில் சாம்பல் நிறக் கோடு. நீங்கள் சொன்னது அப்படியே.

ஊதல்சத்தம்:
சரி, என் ஹோஸ் தப்பித்தது. கீறல் எப்படி வந்தது?

பழைய ஸ்பேனர்:
சாக்கெட்டைச் சாய்த்துப் பிடித்து இறுக்கினால் பீங்கான் விரியும். கீழே விழுந்த பிளக்கைத் துடைத்துப் போட்டாலும் விரியும். தம்பி, அந்த இரண்டு பூட்டையும் மறுபடி மாட்டாதீர்கள், புது பிளக்கையும் கெடுத்துவிடும்.

பச்சைக்கூபே, கோவை:
சரியான நம்பர் பிளக் நாலு, பூட் இரண்டு போட்டாயிற்று. இன்று காலை அதே வளைவுகளில் 6,000 வரை இழுத்தது, வெட்டே இல்லை. ஸ்கேனரில் எரர் கோடும் வரவில்லை.

பழைய ஸ்பேனர்:
நல்லது. காடலிஸ்ட் தப்பித்ததா? சைலன்சர் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் ஏதாவது?

பச்சைக்கூபே, கோவை:
இல்லைங்கண்ணா. வண்டி முழுக்க வர்க்கி வாசனைதான்.