பறவைக் குரல் நடை: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஜெயநகர்வாசி:

நானே தொடங்கி வைக்கிறேன். பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம். லால்பாக் பூங்கா எனக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் இடிபட்டதைத் தவிர உள்ளே போனதில்லை. உகாதிக்கு முந்தைய ஞாயிறு, பறவைகளைக் குரலை வைத்தே அடையாளம் காணும் நடை ஒன்றுக்குப் பக்கத்து வீட்டு அக்கா விடாப்பிடியாக அங்கே இழுத்துக்கொண்டு போனார். காலை ஆறு மணி. கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையடியில் பன்னிரண்டு பேர். கழுத்தில் பைனாகுலர் இல்லாதவள் நான் ஒருத்திதான்.

அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. "கண்ணை மூடுங்கள், புதுக் குரல் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள்" என்றுதான் வழிகாட்டி ஆரம்பித்தார். காகம், குயில், கிளி. எனக்கு மூன்று விரலோடு சரி. இடையில் 'டொங்க், டொங்க்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. எங்கோ பட்டறையில் தகடு தட்டுகிறார்கள் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். செம்மார்புக் குக்குறுவானாம். ஆங்கிலத்திலும் அதற்குச் செம்பு தட்டுகிறவன் என்றுதான் பெயராம். இத்தனை வருடம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நான் திட்டிய பட்டறை இதுதான்!

பட்டுப்போன ஓர் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் குங்குமம் அப்பியது போலச் சிவப்பு. அக்காவின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். அலகைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் தொண்டை உப்புகிறது, தலை வேறு பக்கம் திரும்புகிறது. சத்தம் ஒரு முறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று ஏய்ப்பது அதனால்தான்.

அடுத்தது குண்டுக் கரிச்சான். கறுப்பு வெள்ளை உடம்பு, நிமிர்ந்த வால், சீழ்க்கையோ படு இனிமை. கன்னடத்தில் மடிவாள ஹக்கி, அதாவது சலவைக்காரப் பறவை. மடிவாளா என்றால் ஊரிலிருந்து வரும் ராத்திரி பஸ் தூக்கக் கலக்கத்தில் இறக்கிவிடும் இடம் என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும்.

இன்னொன்றையும் கேளுங்கள். 'குக்கூ' என்று கூவுவது ஆண் குயில். உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெட்டைக்கு 'கிக் கிக் கிக்' என்ற கத்தல்தான். நன்றாகப் பாடும் பெண்களையெல்லாம் குயில் என்று நாம் புகழ்வது பெட்டைக் குயிலுக்குத் தெரிந்தால் என்ன நினைக்குமோ.

விடியலில் ஏன் இவ்வளவு அமர்க்களம் என்று கேட்டேன். அரை இருட்டில் பூச்சி தேட முடியாது. காற்று அடங்கியிருப்பதால் குரல் தூரம் போகும். ராத்திரிப் பட்டினிக்குப் பிறகும் தெம்பு இருக்கிறது என்று பெட்டைக்குக் காட்டியதாகவும் ஆகும் என்றார். எட்டரைக்கு மாவள்ளியில் வரிசையில் நின்று ரவை இட்லி சாப்பிட்டோம். அது தனிக் கதை.

ஹெப்பால் பக்கம்:

என்னுடையது கொஞ்சம் வெட்கக் கதை. போன வருடம் ஒரு நடையில் தையல்சிட்டு புதருக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. பார்த்தே தீரவேண்டும் என்று கைப்பேசியில் அதன் குரலைப் போட்டேன். உடனே வந்தது. ஒரு கை தூரத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவி, தன்னைவிடப் பெரிய குரலில் கத்தியது. நான் படம் எடுத்துப் பூரித்துப்போனேன். வழிகாட்டி என் கைப்பேசியை மெதுவாகக் கீழே இறக்கினார். "அது உங்களைப் பார்க்க வரவில்லை சார். தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்திருக்கிறது. கூடு கட்டும் நேரம் இது" என்றார். அந்தப் படத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

மல்லேஸ்வரம் தாத்தா:

ஜெயநகர் தங்கை சொன்ன தட்டல் எனக்கும் கேட்கிறது. செம்போத்தின் 'ஊப் ஊப்' இன்னும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் எழுபத்தொரு வயதில் மெல்லிய, உச்சக் குரல்கள் போய்விட்டன. கப்பன் பூங்கா நடையில்தான் அது எனக்கு உறைத்தது. சிங்கப்பூர் செர்ரி மரத்தடியில் எல்லோரும் அண்ணாந்து தலையாட்டுகிறார்கள், எனக்கு நிசப்தம். பூக்கொத்தி, கட்டைவிரல் பருமன்கூட இருக்காது, 'சிக் சிக்' என்கிறதாம். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கூட வந்த பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கத்தும்போதெல்லாம் ஒரு முறை அழுத்தினாள். பழத்தை விழுங்கிவிட்டு அது பறக்கும்வரை எண்ணினேன்: பதினான்கு.