92.56 மீட்டரும் டிரோல் மக்களின் நினைவும்

பனிமுகடு: "ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து இன்று பிரிந்திருக்கும் ஆஸ்திரிய டிரோலும் இத்தாலியின் தென் டிரோலும் ஒரே நினைவைப் பகிர்கின்றன என்பது சுற்றுலாவுக்காகப் புனைந்த கதை, பனியாற்றில் கண்டெடுத்த பழங்கால மனிதன் ஏட்சியின் உடல் எல்லையிலிருந்து இத்தாலிக்குள் 92.56 மீட்டர் தள்ளிக் கிடந்ததென்று 1991-இல் அளந்தபோதே அது முடிந்துவிட்டது" என்று எல்லைக்கல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. 5,000 ஆண்டுகளுக்கும் முன் இறந்தவனின் உடல் எந்தப் பக்கம் கிடந்தது என்பதைக் கொண்டு, இன்று வாழும் மக்களின் நினைவை எப்படி அளக்க முடியும்? ஆண்டுதோறும் ஜூனில் இத்தாலியப் பக்கத்து ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் இடையர்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளைப் பனிபடர்ந்த கணவாய்கள் வழியே ஆஸ்திரியாவின் ஏட்ஸ்தால் மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்று, செப்டம்பரில் திரும்புகிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கை டிரோலைப் பிரித்து வகுத்த எல்லை அந்த வழக்கத்தை நிறுத்தவில்லை.

எல்லைக்கல்: அது மேய்ச்சல் உரிமை, அதாவது சொத்துரிமை, அதற்கு நினைவு என்று பெயர் சூட்டாதீர்கள். 92.56 மீட்டர் என்பது அளந்து கண்ட உண்மை.

ஏட்டுக்கட்டு: 'ஒரே நினைவு' என்று எதைக் குறிக்கிறீர்கள் என்பதை இருவரும் முதலில் சொல்லிவிட்டு வாதிடலாமே.

பனிமுகடு: உடன்படிக்கையின்படி எல்லை நீர்ப்பிரி முகட்டில், அதாவது நீர் இரு பக்கமாகப் பிரிந்து வடியும் மலைமுகட்டில், செல்ல வேண்டும். உடல் கிடந்த இடத்தின் நீரோ வடக்கே ஏட்ஸ்தால் பக்கம்தான் வடிகிறது. பனியாறு மூடிக் கிடந்ததால் முகட்டைச் சரியாகக் காண முடியாத காலத்தில் வகுத்த கோட்டிலிருந்து அளந்ததுதான் உங்கள் 92.56. நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதற்கு விடை சொல்லுங்கள்.

எல்லைக்கல்: நீர் எங்கு வடிந்தாலும் கோடு கோடுதான், அதனால்தான் உடல் இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்ட்ரியாஸ் ஹோஃபர் பற்றிய சென்ற மாத விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள். பவேரிய, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான 1809 டிரோல் கிளர்ச்சியின் தலைவரான அவர், இப்பகுதியின் சிறுபான்மை மொழியான லதீன் பேசுவோருக்கும் நாயகரா என்று கேட்டேன். இன்றுவரை விடை இல்லை.

பனிமுகடு: நான் எதையும் மாற்றவில்லை. ஹோஃபர் பிறந்த பாசையர் பள்ளத்தாக்கு இன்று இத்தாலியில் இருக்கிறது. அவருடைய எலும்புகள் 1823 முதல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் இருக்கின்றன. இரண்டு இடங்களையும் தம்முடையவையாகக் கருதும் மக்களிடம் போய் இது சுற்றுலாக் கதை என்று சொல்வீர்களா? ஹிட்லரும் முசோலினியும் 1939-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஊரில் தங்கி இத்தாலியராவதா, ஊரைவிட்டு ஜெர்மன் ஆட்சிக்குள் போவதா என்று தேர்ந்தெடுக்கும்படி தென் டிரோலின் ஜெர்மன் மொழி மக்கள் நெருக்கப்பட்டார்கள். சுமார் 75,000 பேர் புறப்பட்டுப் போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் போக, தம்பி தங்கினான். அந்தப் பிளவின் வலிக்கு நீங்கள் எந்தச் சொத்துப் பத்திரத்தைக் காட்டுவீர்கள்?

ஏட்டுக்கட்டு: லதீன் மக்களை இருவரும் உங்கள் சண்டைக்கு இழுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய பள்ளத்தாக்குகளை முசோலினி ஆட்சி இத்தாலிக்குள்ளேயே மூன்று மாகாணங்களாகப் பிரித்தது. நாட்டு எல்லை குறுக்கிடாமலேயே அவர்கள் பிரிந்தார்கள். அதைப் பற்றி இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை.

எல்லைக்கல்: லதீனுக்குத் தனி விவாதம் தொடங்குங்கள். 92.56 மீட்டருக்கு இன்னும் மறுப்பு வரவில்லை.

பனிமுகடு: மறுப்பை மேலே எழுதியிருக்கிறேன். மீண்டும் கேட்கிறேன்: அந்த இடத்தின் நீர் எந்தப் பக்கம் வடிகிறது?