முள்ளம்பன்றிக் குட்டி தோட்டத்தில கிடக்குது, ஆரைக் கூப்பிடுறது?

புதுவரவு
வணக்கம். யூகே வந்து ஐஞ்சு கிழமை. காலமை பாக்க, பின் தோட்டத்துப் புல்லில ஒரு முள்ளம்பன்றிக் குட்டி. வெயிலில காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கு, கிட்டப் போனாலும் ஓடேல்ல. நெட்டில தேடினா கூடு வாங்கு, ஓடுற சில்லு வை, அறையைச் சூடாக்கு எண்டு கிடக்குது. பால் குடுக்கலாமோ? பிள்ளையளைக் கடிக்குமோ? வாடகை வீடு, வீட்டுக்காரருக்குச் சொல்லோணுமோ? ஆராவது உடனே சொல்லுங்கோ.

குரொய்டன் அண்ணா
தம்பி, வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது என்றால் முதலில் ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவை முடியுங்கள். முகவரிச் சான்று இல்லை, விசா காட்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். இங்கிலாந்தில் பதிவதற்கு அந்த இரண்டும் கட்டாயம் இல்லை. அடுத்தது கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. முதல் மூன்று மாதத்தில் தவறவிட்ட கடிதம்தான் பின்னால் பெரிய தலைவலி. விலங்கு தானாகப் போய்விடும்.

கிளாஸ்கோ தமிழ்
தொடவே தொடாதீங்க. 1981 சட்டப்படி காட்டு விலங்கைக் கையால எடுக்கிறதே குற்றம். இயற்கை அதைப் பார்த்துக்கும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருங்க.

லெஸ்டர் அக்கா
கிளாஸ்கோ தம்பி, நீங்க சொல்றது வௌவாலுக்கு. 1981 வைல்ட்லைஃப் சட்டத்துல வௌவாலும் அது தங்குற இடமும் முழுப் பாதுகாப்புல வருது. இவங்க சொல்றது அது இல்ல. அடிபட்ட, நோயில விழுந்த முள்ளெலியை உதவி செய்ய எடுத்து வைக்கிறது குற்றம் கிடையாது.

கேட்டவருக்கு: பிரிட்டன் தோட்டத்துல முள்ளம்பன்றி வராது. நீங்க பார்க்கிறது முள்ளெலி, ஹெட்ஜ்ஹாக். இலங்கையில இந்த இனம் இல்லாததால பேர் மாறியிருக்கும். தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்கள்ல இதோட உறவுக்கார இனம் உண்டு, அங்க முள்ளெலின்னுதான் சொல்வாங்க. நீங்க படிச்ச கூடு, சில்லு எல்லாம் வீட்டுல வளர்க்கிற ஆப்பிரிக்கப் பிக்மி முள்ளெலிக்கு. அந்தப் பக்கத்தை மூடுங்க.

அது வெயில் காயலை. முள்ளெலி ராத்திரி விலங்கு. பகல்ல புல்லு மேல காலைப் பரப்பிப் படுத்திருந்தா உடம்புச் சூடு இறங்கிடுச்சுன்னு அர்த்தம். தொட்டதும் இறுக்கிச் சுருண்டா கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. தளர்ந்து கிடந்தா நேரம் குறைவு. கோடையில தாய் முள்ளெலி இலை பொறுக்கப் பகல்ல விறுவிறுன்னு போகும், அதை மட்டும் விட்டுடலாம். இது அப்படி இல்ல.

எந்த ஊர், என்ன எடை, காயம் இருக்கா, ஈ மொய்க்குதா, ஒண்ணுமே எழுதலையே? சொல்லுங்க.

ஹேரோ வாசி
ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் வைத்தால் தெம்பு வரும். பூனைக்கு வைப்பதில்லையா?

லெஸ்டர் அக்கா
பால் வேண்டவே வேண்டாம். முள்ளெலிக்குப் பால்ல இருக்கிற லாக்டோஸ் செரிக்காது. வயிறு போகும், ஏற்கெனவே நீர் வத்தின உடம்பு அதைத் தாங்காது. ரொட்டியும் வேண்டாம். தண்ணி மட்டும், தட்டையான தட்டுல.

பர்மிங்ஹாம் ராமு
உடனே பூனைச் சாப்பாடு வையுங்கள், பசியில்தான் வெளியே வந்திருக்கும்.

லெஸ்டர் அக்கா
சூடேத்துறது முதல்ல, சாப்பாடு அப்புறம். குளிர்ந்த உடம்புக்குள்ள போற சாப்பாடு செரிக்காது.

ஹேரோ வாசி
எது எப்படியோ, வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சுவரில் பூஞ்சை பிடித்தால் ஜன்னலைத் திற என்பார்கள், ஹீட்டர் போடவில்லை என்று நம் தலையில் கட்டுவார்கள். விலங்கு என்று சொன்னால் டெபாசிட்டில் கை வைக்கக் காரணம் கிடைத்துவிடும்.

குரொய்டன் அண்ணா
டெபாசிட் விஷயத்தில் கவனம். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, 2019 சட்டம். கட்டிய 30 நாளுக்குள் அதைப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்து உங்களுக்கு விவரம் தர வேண்டும்.

பர்மிங்ஹாம் ராமு
குப்பைத் தொட்டியையும் சொல்லுங்கள். ராத்திரி பையை வெளியே வைத்தால் நரி கிழித்துத் தெரு முழுக்க இழுத்துப் போட்டுவிடுகிறது, அதற்கும் நம்மிடம்தான் கேள்வி. ஜனவரியில் பெண் அலறுவது போல நடுராத்திரியில் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், நரி இணை சேரும் காலம் அது. இதை யாரும் புதிதாக வருபவர்களிடம் சொல்வதே இல்லை.

லெஸ்டர் அக்கா
வாடகை, குப்பை எல்லாம் வேற திரியில பேசலாம். இங்க ஒரு உயிர் கிடக்குது.

தோட்டக் கையுறை போடுங்க, இல்லேன்னா தடித்த துவாயை மடிச்சுப் பிடிங்க. கடிக்கிறது அரிது, ஆனா முள்ளுல படர்தாமரை ஒட்டிக்க வாய்ப்பு உண்டு. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, பிள்ளைகள் தொட வேண்டாம். பக்கம் உயரமா இருக்கிற அட்டைப்பெட்டியில துவாயை விரிங்க. சுடுதண்ணிப் பையை இன்னொரு துவாயில சுத்திப் பெட்டியோட ஒரு பாதியில மட்டும் வைங்க, சூடு அதிகமானா அது மறுபாதிக்கு நகரணும். பை இல்லேன்னா பிளாஸ்டிக் போத்தல்ல சுடுதண்ணி போதும். இதுல பலரும் தவறவிடுறது ஒண்ணு இருக்கு: பை ஆறினதும் அதே பை உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிச்சிடும். அடிக்கடி கையை வைச்சுப் பார்த்துத் தண்ணியை மாத்துங்க. மேல மெல்லிய துணி, அமைதியான அறை.

சமையல் தராசுல பெட்டியோட நிறுத்து, காலிப் பெட்டி எடையைக் கழிங்க. அக்டோபர் கடைசியில 450 கிராமாவது இல்லாத முள்ளெலி குளிர்காலத் தூக்கத்தைத் தாண்டுறது கஷ்டம். காது, கண், வயித்து ஓரத்துல அரிசிக் குருணை மாதிரி வெளுப்பா ஒட்டியிருந்தா அது ஈ முட்டை. புழுவாகுறதுக்குள்ள வெட், அதாவது விலங்கு மருத்துவர்கிட்ட போகணும், நாளைக்குன்னு தள்ளாதீங்க.

இப்ப போன். முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம், பிரிட்டிஷ் ஹெட்ஜ்ஹாக் ப்ரெசர்வேஷன் சொசைட்டி 01584 890801. பக்கத்துல யார் எடுத்துப்பாங்கன்னு சொல்வாங்க. இங்கிலாந்து, வேல்ஸ்னா விலங்கு நல அமைப்பு ஆர்எஸ்பிசிஏ 0300 1234 999. ஸ்காட்லாந்துல அது கிடையாது, ஸ்காட்டிஷ் எஸ்பிசிஏ 03000 999 999. வண்டி வந்து எடுத்துட்டுப் போகும்னு காத்திருக்காதீங்க, சின்ன விலங்கைப் பெரும்பாலும் நாமதான் கொண்டு போகணும். எந்த விலங்கு மருத்துவருக்கும் போன் பண்ணலாம். காட்டு விலங்கு முதலுதவிக்குப் பொதுவா காசு வாங்க மாட்டாங்க, போறதுக்கு முன்னால கேட்டுக்குங்க. பூட்டியிருந்தா பதிவுக் குரல்ல அவசர எண் வரும்.

புதுவரவு
மன்னிக்கோணும், லூட்டன். நிறுத்துப் பாத்தன், 290 கிராம். காயம் இல்லை, முட்டையும் இல்லை. பெட்டியில வைச்சு ஒரு மணித்தியாலம், இப்ப மெல்லச் சுருளுது. வெட் ஐஞ்சு மணிக்குள்ள கொண்டு வரச் சொல்லியிருக்கினம். இனி இப்பிடி வந்தா நெட்டில எங்க பாக்கிறது? தேடத் தேட அமெரிக்காப் பக்கம்தான் வருது.

லெஸ்டர் அக்கா
சுருளுதுன்னா நல்லது. உங்க தோட்டத்து முகவரியை ஒரு தாள்ல எழுதிப் பெட்டியோட குடுங்க, குணமானதும் எடுத்த இடத்துலயே விட அது வேணும்.

தேடுறதுக்கு: வெறும் பேரைப் போட்டாக் குழப்பம்தான். ராபின்னு போட்டா அமெரிக்கப் பறவை வரும், அது வேற இனம். பேரோட யூகே, ரெஸ்க்யூ சேருங்க, முகவரி டாட் யூகேன்னு முடியுதான்னு பாருங்க. ஹெல்ப் வைல்ட்லைஃப் தளத்துல போஸ்ட்கோடு போட்டாப் பக்கத்து மீட்பு இடங்கள் வரும். இங்கிலாந்துல காட்டு விலங்கு மீட்பகம் நடத்த உரிமம் கட்டாயமில்ல, அதனால எந்த விலங்கு மருத்துவரோட சேர்ந்து வேலை செய்றாங்கன்னு கேட்டுட்டுக் குடுங்க.

மத்த உயிர்களைப் பத்தித் தெரிஞ்சுக்க இந்த அமைப்புகளோட தளங்கள்: பறவைக்கு ஆர்எஸ்பிபி, இன்னும் ஆழமா வேணும்னா பறவை ஆய்வு அமைப்பான பிடிஓ. பட்டாம்பூச்சிக்கு பட்டர்ஃபிளை கன்சர்வேஷன், தவளைக்கு ஃப்ராக்லைஃப், செடிக்கு பிளான்ட்லைஃப். வௌவால் வீட்டுக்குள்ள வந்தா வௌவால் உதவி எண் 0345 1300 228, வெறுங்கையால தொடக் கூடாது, கடிச்சா அன்னைக்கே மருத்துவ உதவி எண் 111-க்குப் போன் பண்ணுங்க. உங்க கவுன்ட்டிக்குன்னு (மாவட்டம் மாதிரி) ஒரு வைல்ட்லைஃப் ட்ரஸ்ட், அதாவது இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கும், பக்கத்துல நடந்து பார்க்கிற இடமெல்லாம் அதுல கிடைக்கும்.

கிளாஸ்கோ தமிழ்
சட்டத்தைத் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஒண்ணு சேர்க்கிறேன்: எந்த உயிரினம் எங்க பதிவாகியிருக்குன்னு காட்டுற என்பிஎன் அட்லஸ் வரைபடத்துல உங்க ஏரியா காலியா இருந்தா அந்த விலங்கு அங்க இல்லைன்னு அர்த்தமில்ல, யாரும் பதியலைன்னு அர்த்தம். பார்த்ததைப் பதியுற ஐரெக்கார்டு தளத்துல படம், தேதி, இடம் போட்டாத் தெரிஞ்சவங்க சரிபார்ப்பாங்க. 2020-ல பிரிட்டன் பாலூட்டிகளோட சிவப்புப் பட்டியல்ல முள்ளெலியை அழியும் ஆபத்துல இருக்கிற இனமாச் சேர்த்துட்டாங்க, அதனால உங்க 290 கிராமையும் பதிஞ்சிடுங்க.

லெஸ்டர் அக்கா
நவம்பர் 5 இங்க நெருப்பு மூட்டிக் கொண்டாடுற ராத்திரி, அதுக்கு யாராவது விறகு அடுக்கி வைச்சிருந்தா, கொளுத்துற அன்னைக்கே முழுசாப் பிரிச்சு வேற இடத்துல அடுக்கச் சொல்லுங்க, உள்ள முள்ளெலி தூங்கிட்டிருக்கலாம். வீட்டுக்காரர்கிட்ட இப்பக் கேட்கவேண்டியது ஒண்ணுதான்: முள்ளெலி போய் வர வேலியோட அடியில 13 சென்டிமீட்டர் சதுரத்துல ஒரு ஓட்டை போட அனுமதி. பக்கத்து வீட்டுலயும் கேளுங்க, ஒரு தோட்டம் அதுக்குப் போதாது.

புதுவரவு
எழுதி வைச்சிட்டன். தண்ணி மாத்திப்போட்டு வெளிக்கிடுறன்.