தடப்பிசகா, தடம்பிசகா? புதன்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து, ஞாயிறு இரவு

நம் கலைச்சொல் மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் பாலிடெக்னிக்கில் ஒரு நாள் பட்டறை. நெகிழ்வட்டைப் படித்து எழுதும் பழைய பிளாப்பி டிரைவைத் துடைத்து, பழுது பார்த்து, வட்டில் இருப்பதை மீட்பது எப்படி என்று மாணவர்களுக்குச் செய்து காட்டப் போகிறோம். இந்த வேலை வந்ததே ஒரு வளவு வீட்டால்தான். பெட்டகத்தை ஒழித்தபோது ஒரு கொட்டான் (ஓலைக்கூடை) நிறைய நெகிழ்வட்டுகள் கிடைத்தன. 90களில் தட்டச்சு செய்த கோயில் புள்ளிக் கணக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு) அதில் இருக்கிறதாம். நாலு பக்கக் கையேடு புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களில் தடம் (வட்டில் தகவல் பதியும் வளையம்), தலை (அதைப் படிக்கும் ஹெட்), மசகு (கிரீஸ்) எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. அலைன்மென்ட், அதாவது தலை தடத்துக்கு நேராக நிற்பது, என்ற ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். மூன்றரை அங்குல வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள். ஒரு தடத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.1875 மில்லிமீட்டர்தான். தலை அந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றால், அந்த டிரைவ் தான் எழுதியதைத் தானே படித்துக்கொள்ளும். வேறு டிரைவில் எழுதியதைப் படிக்காது. இந்தக் கோளாறுக்கு ஒரு பெயர், அதைச் சரிசெய்வதற்கு ஒரு பெயர் வேண்டும். ‘சீரமைப்பு’ என்று போட்டுப் பார்த்தேன். பையன்கள் ரோடு போடுவதா சார் என்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து, திங்கள் காலை

தம்பி, முதலில் ஒன்று. தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘டிரைவ்’ என்று எழுதலாமா? ‘இயக்கி’ என்று எழுதுங்கள்.

இனி உங்கள் சொல். வரிசையில் நிற்பது என்பதற்கு நம்மிடம் ‘நிரை’ இருக்கிறது. நிரை, நிரல், நிரப்பு என்று ஒரே குடும்பம். யாப்பில் நேர், நிரை என்று அசையையே அப்படித்தான் பிரித்தோம். எனவே ‘நிரைப்பாடு’. அது கெட்டால் ‘நிரைகேடு’. நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் சொல்கிறேன், இதைவிட மூலத்துக்கு நெருங்கிய சொல் கிடைக்காது.

சிங்கப்பூரிலிருந்து (பூர்வீகம் பள்ளத்தூர்), திங்கள் மதியம்

ஐயா சொன்னால் மறுக்கத் தயக்கம்தான். ஆனால் நிரல் என்றால் இன்று புரோகிராம். ‘நிரைகேடு’ என்று படிக்கும் பையன் மென்பொருளில் கோளாறு என்று எடுத்துக்கொள்வான். ஆநிரை என்று நினைப்பவன் மாட்டைத் தேடிப் போவான். இயக்கியும் அப்படியே: வன்பொருளை ஓட்டும் மென்பொருளுக்கு அந்தப் பெயரை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ‘இயக்கியை நீக்கித் துடைக்கவும்’ என்று அச்சடித்தால் எதை நீக்குவான்?

நாகர்கோவிலிலிருந்து, திங்கள் மாலை

ஒரு கிளைக்கதை, மன்னிக்கவும். எங்கள் பக்கம் இயக்கி என்றால் இசக்கியம்மன். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்து வந்த பூங்கண் இயக்கிக்கும் அதே பெயர்தான். துடைக்கிறேன் என்று கிளம்பும் முன் பொங்கல் வைத்துவிடுங்கள்.

கோட்டையூரிலிருந்து, திங்கள் இரவு

நீங்கள் எல்லோரும் சொல்லிலேயே நிற்கிறீர்கள். நான் 1994 முதல் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள், இந்த டிரைவ்களோடு மல்லுக்கட்டியவள். அனுபவத்தில் சொல்கிறேன், ‘அலைன்மென்ட் போச்சு’ என்று கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் வெறும் அழுக்கு.

தம்பி, கையேட்டில் இதை முதலில் போடுங்கள். வட்டின் தகரக் கதவைத் தள்ளி, வட்டை மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் உள்ளே விடக் கூடாது. ஒரு சுற்றிலேயே தலையில் அப்பிக்கொள்ளும், அடுத்த நல்ல வட்டையும் கீறிவிடும். தலையைத் துடைக்க 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கை கழுவும் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் இருக்கும். பஞ்சைவிட நுரைமுனைக் குச்சி நல்லது. பஞ்சின் இழை மேல் தலையில் சிக்கும். அந்த மேல் தலையை மட்டும் யாரும் தூக்கி வளைத்துவிடக் கூடாது. மெல்லிய தகட்டில்தான் தொங்குகிறது. வளைந்தால் எந்தத் தமிழாலும் நிமிர்த்த முடியாது.

அடுத்து, தலையை நகர்த்தும் திருகுதண்டு. அதில் போட்ட கிரீஸ் முப்பது வருடத்தில் காய்ந்த வண்டி மை மாதிரி இறுகிவிடும். தலை போக வேண்டிய தடத்துக்குப் போகாமல் நடுவில் நின்றுவிடும். அதையும் பார்த்து அலைன்மென்ட் என்பார்கள். பழைய மசகைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தால் ஓடிவிடும். விளக்கு அணையாமலே எரிந்தால் கேபிளைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு கோளாறு நின்றால்தான் உண்மையான கேஸ். மதுரையிலிருந்து வரும் மெக்கானிக் அதற்கு ‘ஹெட்டு பிசகிருச்சுக்கா’ என்பார். கை பிசகினால் என்ன சொல்கிறோமோ அதேதான்.

காரைக்குடியிலிருந்து, செவ்வாய் காலை

ஆச்சி, கோடி நன்றி. முதல் பக்கத்தையே மாற்றி எழுதிவிட்டேன். ‘பிசகு’ மனதுக்குள் உட்கார்ந்துவிட்டது. தடப்பிசகு என்று போடலாமா?

தேவகோட்டையிலிருந்து, செவ்வாய் காலை

பிசகு வெறும் பேச்சுவழக்கு. கணக்குப் பிசகு, வாய் பிசகு என்று எல்லாத் தவறுக்கும் சொல்வது. துல்லியமே கலைச்சொல்லின் உயிர்.

திருச்சியிலிருந்து, செவ்வாய் மதியம்

தடப்பிசகா, தடம்பிசகா? தடத்திலிருந்து பிசகு என்றால் வேற்றுமைத் தொகை; ஒற்றுக் கெட்டு வல்லினம் மிகும், தடப்பிசகு. தடம் பிசகியது என்று எழுவாயாகக் கொண்டால் மிகாது. ஆனால் பிசகுவது தலைதானே, தடம் அல்லவே! ஆகவே தடப்பிசகு. நன்னூலின் ‘மவ்வீறு ஒற்றழிந்து’ நூற்பாவைப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் மதியம்

அதே நூற்பா இனமாகத் திரியவும் இடம் தருகிறதே. பகரத்துக்கு இனம் மகரம்தான். தடம்பிசகும் வரலாம்.

(இதற்குப் பின் வந்த பதினொரு மடல்கள் புணர்ச்சி பற்றியே. காரைக்குடிக்காரனாகிய நான் படிக்கவில்லை, அச்சகத்தில் தாள் விலை பேசிக்கொண்டிருந்தேன்.)

கானாடுகாத்தானிலிருந்து, செவ்வாய் இரவு

அண்ணே, கோளாறுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, சரிசெய்வதற்கு? எங்கள் வீட்டு வேலைக்கு வரும் கொத்தனார் சுவர் எழுப்பும்போது ‘நூல் பார்ப்பது’ என்பார். முகப்பில் நின்றால் பட்டாலை, இரண்டாங்கட்டு தாண்டிக் கொல்லைக் கதவு வரை ஒரே நேரில் தெரிவது அந்த நூலால்தான். ‘தலைக்கு நூல் பார்த்தல்’ என்று போடுங்கள். தலையை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் திருகைத் தளர்த்தி, தடங்கள் சரியான இடத்தில் பதிந்த அளவு வட்டைப் போட்டு, அலைக்காட்டியை (ஆசிலோஸ்கோப்) பார்த்துக்கொண்டே மயிரிழை நகர்த்துவதற்கு இது பொருந்தாதா? ஆசாரி கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூலுக்குள் ஏறக்குறைய பதினேழு தடம் அடங்கிவிடும், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கோட்டையூரிலிருந்து, செவ்வாய் இரவு

எனக்குச் சம்மதம். ஆனால் அழுக்கெடுக்காமல் எவனும் அந்தத் திருகைத் தொடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

காரைக்குடியிலிருந்து, புதன் மாலை

கோப்பு அச்சுக்குப் போய்விட்டது. கோளாறு ‘தடப்பிசகு’, சரிசெய்வது ‘நூல் பார்த்தல்’. டிரைவ் டிரைவாகவே இருக்கிறது. ஐந்து பேர் சரி என்றீர்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றீர்கள், மற்றவர்கள் பேசவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு ‘சாராயம்’ சேர்த்து ஒரு சொல் பரிந்துரைத்தவருக்கு நன்றி. முதல்வர் கையெழுத்துப் போட வேண்டிய கையேடு என்பதால் விட்டுவிட்டேன்.

தேவகோட்டையிலிருந்து, புதன் இரவு

நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். நூல் என்றால் புத்தகம். மாணவன் எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது என்று கேட்பான். எனக்கு இரண்டு பிரதி அனுப்புங்கள் தம்பி. ஒன்றில் பேனாவால் திருத்திக்கொள்கிறேன், இன்னொன்று பேரனுக்கு. அவனிடம் ஒரு பழைய டிரைவ் இருக்கிறது.