மகன் விடியற்காலையில் போர்வை துவைக்கிறான்: யாரிடம் கேட்பது?

பெரம்பூர்வாசி:
கணவர் துபாயில் இருக்கிறார். மகனுக்குப் பதினான்கு வயது. தின்ற தட்டைக்கூட எடுத்துப் போடாதவன், ஒரு மாதமாக நான் எழுவதற்கு முன்பே போர்வையை அலசிக் கொடியில் போட்டுவிடுகிறான். அவனுக்குச் சோறும் இறங்கவில்லை. நேற்று அவனுடைய கணக்கு நோட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்குமே, அந்த 'ஆண்மைக் குறைவு' விளம்பரத்து எண். பக்கத்திலேயே 'நரம்புத் தளர்ச்சி, 3,500' என்று அவன் கையெழுத்து. உண்டியலில் 1,100 ரூபாய் சேர்த்திருக்கிறான். கேட்டால் கிரிக்கெட் மட்டைக்காம். கிரிக்கெட்டே விளையாடாத பிள்ளை!

மகள் பெரியவளானபோது அத்தை, சித்தி, நலங்கு, உளுந்தங்களி என்று வீடே திரண்டது. இவனுக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் போக வேண்டுமா? நானே பேசலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
போர்வை துவைக்கிற பிள்ளைக்கு டாக்டர் எதற்கம்மா? பருவம் வந்ததும் உடல் விந்தணுவை உண்டாக்கத் தொடங்குகிறது. தூக்கத்தில் தானாக வெளியேறுகிறது. வாரம் இரண்டு முறை வந்தாலும் நோயில்லை, வராமலே போனாலும் நோயில்லை. 'ஒரு சொட்டு விந்துக்கு அறுபது சொட்டு ரத்தம்' என்பதெல்லாம் கட்டுக்கதை. இருபத்தாறு வருடம் ஊசி போட்டவள் சொல்கிறேன்.

அவனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது வேறொன்று. விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. 'வயிற்று வலி' என்று பொய் சொல்லி மறுநாள் வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ், வீக்கம் இருந்தாலும் காட்டுங்கள்.

வியாசர்பாடி அப்பா:
பதினேழு வயதில் நானும் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து லாட்ஜ் அறைக்குப் போனவன். டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கொடுத்த பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினேன். கறுப்பாக ஒரு லேகியம் கொடுத்தார்கள். நெஞ்செரிச்சல்தான் மிச்சம். கல்யாணம் ஆகும்வரை அந்தப் பயம் போகவில்லை.

என் மகனிடம் இருசக்கர வண்டியில் போகும்போது பேசினேன். அவன் பின்னால், நான் முன்னால். முகம் பார்க்க வேண்டியதில்லை. நீங்களும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

அறிவியல் ஆசிரியை:
அந்தச் சுவரொட்டியே குற்றம். ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது; முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, பசையும் காயாமல் இருக்கிறது!

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம்பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயதுவரை இருபாலருக்கும் உரியது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் பையன்களுக்கு உண்டு. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், மாணவிகளுக்கு வளரிளம்பருவம் பற்றிய வகுப்பு நடக்கும் நேரத்தில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவர்களுக்கு ரயில் பெட்டிதான் பாடப்புத்தகம். 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தாலும் பேசலாம், தயக்கம் வேண்டாம்.

பெரம்பூர்வாசி:
ஞாயிற்றுக்கிழமை 29சி பஸ்ஸில் பெசன்ட் நகர் போனோம். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தான். 'அப்படியென்றால் நோயில்லையா?' என்று இரண்டு முறை கேட்டான். இரண்டாவது முறை நடத்துநர் டிக்கெட்டுக்கு வந்து நின்றுவிட்டார். இறங்கிய பிறகு, 'அந்த விளம்பரக்காரனுக்கு மூவாயிரத்து ஐந்நூறு எதற்கும்மா?' என்றான். இரண்டு தட்டு சுண்டல் சாப்பிட்டான்.

போர்வையை இன்னும் அவனேதான் துவைக்கிறான். இருக்கட்டும், பழக்கம் நல்லதுதானே.