கோய் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன: இனத்தின் குறையா, தண்ணீரின் குறையா?

கேட்பவர் (உவர்மலை, திருகோணமலை)

வணக்கம். வீட்டு முற்றத்தில் 12 அடி நீளம், 8 அடி அகலம், 3½ அடி ஆழமுள்ள சீமெந்துத் தொட்டியில் எட்டு மாதங்களாகப் கோய் என்னும் அலங்கார மீன்கள் பதினான்கை வளர்த்து வருகிறேன். மூன்று வாரங்களாக விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்று பார்த்தால், எல்லாம் தண்ணீர் விழும் குழாயடியில் கூடி வாயை மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில் ஏறியதும் எதுவும் நடவாததுபோல் நீந்துகின்றன. இரண்டு செத்துவிட்டன. வெள்ளையில் சிவப்புத் திட்டுள்ள கொஹாகு மீன்களின் சிவப்பும் செம்மஞ்சளாக வெளிறுகிறது. மலிவான இனம் அப்படித்தான் இருக்கும், யப்பான் குஞ்சுகளை வாங்குங்கள் என்று விற்றவர் சொன்னார். விலையைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். நல்ல இனம் வாங்கினால் இது தீருமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நிலாவெளி)

இப்போது எதையும் வாங்காதீர்கள், தம்பி. தண்ணீரின் நிறம் என்ன? வடிகட்டியை எப்படிக் கழுவுகிறீர்கள்? மாலை நான்கு மணிக்கு, மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியாவையும், நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தையும் அளந்து எழுதுங்கள்.

கேட்பவர்

அமோனியா லீற்றருக்கு 0.5 மில்லிகிராம், பிஎச் 8.6, ஐயா. வெப்பநிலை 30 பாகை. தண்ணீர் கடும்பச்சை, கையை விட்டால் முழங்கை நனையுமுன் விரல்கள் மறைந்துவிடுகின்றன. கிணறு வற்றியதால் சென்ற மாதம் முதல் வடிகட்டியின் ஸ்பொஞ்சைச் சனிக்கிழமைதோறும் குழாய் நீரில், அழுக்கு முற்றாகப் போகும்வரை பிழிந்து கழுவுகிறேன்.

பதில் 1

அந்தச் சனிக்கிழமைச் சுத்தம்தான் வினை. ஸ்பொஞ்சில் படியும் பழுப்பு நிறப் படிவில்தான் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. குழாய் நீரின் குளோரீன் அவற்றைக் கொன்றுவிடும், மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். 0.5 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் பிஎச் 7.5 இல் அதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கே நச்சு வடிவில் இருக்கும்; உங்கள் 8.6 இல், இந்த வெப்பத்தில், கால் பங்கு நச்சாகிச் செவுளை அரிக்கிறது. பகலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சிப் பிஎச்சை உயர்த்தும் அதே பச்சைப் பாசி, இரவில் ஒட்சிசனைக் குடித்துவிடுகிறது. அதனால்தான் விடியலில் திணறல்.

மூன்று நாட்களுக்கு உணவை நிறுத்துங்கள். இரவு முழுவதும் காற்றுப் பம்பு ஓடட்டும். நாளுக்கு ஐந்திலொரு பங்கு நீரை மாற்றுங்கள், ஆனால் தைய்யோசல்பேற்று இட்டுக் குளோரீனை நீக்கிய பின்னரே. ஸ்பொஞ்சைத் தொட்டி நீரிலேயே இலேசாக அலசினால் போதும். மேலே நிழல்வலை கட்டுங்கள். பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் தண்ணீரின் தாங்குதிறனை மாரி மழை குறைத்து, பிஎச்சைச் சரியச் செய்யும் என்பதால், ஐப்பசிக்கு முன் ஒரு பை சிப்பி ஓடுகளை வடிகட்டியில் வையுங்கள். அதற்குப் பதிலாகக் கடலில் முருகைக்கல் எடுக்கப் போய்ச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பதில் 2 (கோய் இனப்பெருக்கம் செய்பவர், உப்புவெளி)

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை, அண்ணா. நிறம் பரம்பரையில் வருவது; மூச்சுத் திணறல் அப்படி வருவதன்று. கோய் வளர்ப்பின் தாயகமான, யப்பானின் நீகாத்தா மாகாணத்தின் மலைக் கிராமங்களில்கூட, சிறந்த தாய் தந்தைக்குப் பிறந்த குஞ்சுகளிற் பெரும்பாலானவற்றைப் பல சுற்றுகளில் கழித்து, மிகச் சிலவற்றையே வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே யப்பான் என்ற பெயர் மட்டும் உறுதி தராது. சில வரிசைகளில் சிவப்பு இளமையிலேயே கரைந்துவிடும். நீண்ட வெப்பமும் அதை மெலியச் செய்யும். நானே ஒரே ஈற்றுச் சகோதரங்களைச் சேர்த்து, முதுகு வளைந்த குஞ்சுகளையும் செவுள்மூடி குட்டையானவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அடுத்த முறை, பெற்றோரைக் காட்டக்கூடியவரிடம், சிவப்பின் விளிம்பு வெட்டியதுபோல் தெளிவாக உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேட்பவர்

பதினொரு நாட்களாகின்றன. அமோனியா 0.25, மாலைப் பிஎச் 8.1. இன்று ஐந்தரைக்குச் சென்றேன். குழாயடியில் ஒன்றுமில்லை, பன்னிரண்டும் அடியில் இருந்தன. சிவப்பு மட்டும் வெளிறியபடியே இருக்கிறது.